தீம் பார்க் போகும் முன் பிள்ளைகளின் உயரத்தை அளந்துவிடுங்கள்

லீவில் ராமநாதபுரத்திலிருந்து மதுரைப் பக்கம் தீம் பார்க் போகிறீர்களா? டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பிள்ளைகளின் உயரத்தை வீட்டில் அளந்து, அந்தப் பார்க்கின் உயர வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பல பார்க்குகளில் அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்பதை வயது முடிவு செய்வதில்லை, உயரம்தான். பெரிய ராட்டினம், சறுக்குகளுக்கும் தனித்தனி உயர வரம்பு உண்டு. பொங்கல், மே மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின், அளவுகோலுக்கு இரண்டு விரல்கடை குறைகிறது என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அது அழாமல் என்ன செய்யும்? 115 கிலோமீட்டர் போனது அதற்காகவா!

செருப்பில்லாமல் குதிகால் சுவரில் ஒட்ட நிற்கவைத்து, தலையில் கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படுக்கையாக வைத்து, அதன் அடிவிளிம்பில் பென்சில் கோடு போட்டு, தரையிலிருந்து டேப்பால் அளக்கவும். காலையிலேயே அளந்துவிடுங்கள். பகல் முழுக்க ஓடியாடினால் முதுகெலும்பு அமுங்கி, மாலையில் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். வரம்பை ஒட்டி நிற்கும் பிள்ளை என்றால் அந்த ரைடை முதலில் முடித்துவிடுவது நல்லது.

தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடையை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். பருத்தி உடையோடு பெரும்பாலும் குளத்தில் இறங்க விடமாட்டார்கள், வாடகை உடைக்குக் கூடுதல் செலவு.

வயதை வைத்து டிக்கெட் தரும் இடங்களில் ஆதார் நகல் போதும், ஆனால் ரைடுக்கு அங்கும் உயரம் பார்ப்பார்கள். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனியாகக் காசு வாங்கும் பொருட்காட்சிக்கு இவ்வளவு தேவையில்லை.