பைக் லைசென்ஸ்: எட்டுக்கு முன்னும் பின்னும் செய்யும் தவறுகள்

டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டியாயிற்று, இனி எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) விண்ணப்பத்தை நீங்களே படித்துப் பாருங்கள். ஸ்கூட்டியில்தானே போகப்போகிறோம் என்று கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கினால், நாளைக்கு அப்பாவின் ஸ்ப்ளெண்டரை எடுக்க அது செல்லாது. கியர் வண்டிக்கு எடுத்தால் இரண்டையும் ஓட்டலாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பையனுக்கு வயது ஆகாமலே சாவியைக் கொடுக்கும் பெற்றோர் நம் ஊர்களில் நிறைய. பிடிபட்டால் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டுவரை சிறை. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸும் கிடைக்காது.

எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். அந்த நாட்களைச் சும்மா கழித்துவிட்டு, முந்தின நாள் சாயங்காலம் கிரவுண்டில் நாலு சுற்று சுற்றிவிட்டுப் போகிறவர்கள்தான் தஞ்சாவூரானாலும் திருவாரூரானாலும் எட்டில், அதாவது டெஸ்ட்டில் 8 வடிவத்தில் ஓட்டிக் காட்டும்போது, கால் ஊன்றுகிறார்கள்.

எட்டில் பலரும் குனிந்து முன் சக்கரத்தையே பார்க்கிறார்கள். கண் போகிற பக்கம்தான் வண்டியும் போகும். வளைவு தொடங்கும்போதே தலையைத் திருப்பி, அது முடிகிற இடத்தைப் பாருங்கள். அப்புறம், பயத்தில் கிளட்சை முழுக்கப் பிடித்துவிடுவது. இழுவை போனதும் வண்டி சாயும், கால் தானாக இறங்கும். முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்து, வேகம் கூடினால் பின் பிரேக்கை லேசாக மிதித்தால் போதும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அப்படியே படுத்துவிடும்.

பழகும் நாட்களில் எல் போர்டும் ஹெல்மெட்டும் கட்டாயம். சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

கிரவுண்டோடு நிறுத்திக்கொள்வதைத்தான் நான் பெரிய தவறாக நினைக்கிறேன். சம்பா அறுவடையில் ரோட்டில் காயும் நெல்லும் வைக்கோலும் டயரை வழுக்கிவிடும். நடவு நேரத்தில் டிராக்டர் இழுத்து வந்த வயல் சேறு தாரில் அப்பிக் கிடக்கும். அதன்மேல் போய் பிரேக் அடிக்காதீர்கள். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடக்கப் பழகுங்கள். வாய்க்கால் கரை ரோட்டில் எதிரே பஸ் வந்தால் அவசரப்பட்டு ஓரத்து மண்ணில் இறங்க வேண்டாம், மழையில் ஊறிய கரை உள்வாங்கும். அகலமான இடம் பார்த்து முன்கூட்டியே நின்று வழி விடுங்கள்.