27 அவுட்டை எப்படியெல்லாம் வீணாக்கலாம்: பேஸ்பால் சிமுலேஷன் லீக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் ஒரு செல்போன் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் எட்டுப் பேர் பேஸ்பால் லீக் நடத்துகிறோம். மட்டையும் கிடையாது, பந்தும் கிடையாது. மூன்று பகடை, கட்டுக் கட்டாக அட்டைகள், ஸ்கோர் எழுத ஒரு லாங்சைஸ் நோட்டு, அவ்வளவுதான். ஓசூரில் நைட் ஷிஃப்ட் பார்த்த ஒரு அண்ணன், அமெரிக்கக்காரர்களோடு போனில் பேசிப் பேசியே இந்தப் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வந்து எங்களுக்கும் ஒட்டவைத்தார். ஆட்டத்தின் பெயர் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக், ஹால் ரிச்மன் என்பவர் 1961-ல் கொண்டுவந்தது. ஒவ்வொரு அட்டையும் ஒரு நிஜ ஆட்டக்காரர் ஒரு நிஜ சீசனில் ஆடிய கணக்கை வைத்துச் செய்தது. முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டர் அட்டையைப் பார்க்க வேண்டும், 4, 5, 6 விழுந்தால் பிட்சர் (பந்து எறிகிறவர்) அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்தக் கட்டம் என்று சொல்லும். கம்ப்யூட்டரில் அவுட் ஆஃப் த பார்க் என்ற பேஸ்பால் விளையாட்டு மாதிரி ஆடுகிறவர்களுக்குப் பகடை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே ஓடுவது இதே மாதிரியான கணக்குதான்.

கடைசி இடத்தில் வருகிறவர் எல்லாருக்கும் பிரியாணி வாங்க வேண்டும் என்பது எங்கள் விதி. நான் தொடர்ந்து இரண்டு சீசன் வாங்கியிருக்கிறேன். அதனால் தப்பு எப்படிச் செய்வது என்று எழுத எனக்குத் தகுதி இருக்கிறது.

முதல் தப்பு எல்லாருக்கும் பொது: கிரிக்கெட் கண்ணோடு அணி எடுப்பது. கிரிக்கெட்டில் ஓபனர் நின்றுவிட்டால் நாள் முழுக்க நிற்கலாம். பேஸ்பாலில் யார் எவ்வளவு நன்றாக அடித்தாலும் தன் முறை முடிந்ததும் உட்கார வேண்டும், ஒன்பது பேரும் சுற்றிச் சுற்றி வருவார்கள். அவுட் ஆகாமல் நான்கு பேஸையும் கடந்து வந்தால் ஒரு ரன். ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், மொத்தம் 27. இந்த 27 அவுட்தான் உங்கள் கையிருப்பு. ஓவர் கணக்கு, பந்து கணக்கு எதுவும் இல்லை, அவுட் ஆகாத வரை இன்னிங்ஸ் முடியவே முடியாது. எனவே ஒரு பேட்டரைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இவன் எவ்வளவு அடிப்பான் என்பது இல்லை, நூறு தடவை வந்தால் எத்தனை தடவை அவுட்டைத் தின்பான் என்பது.

இங்கேதான் ஆவரேஜ் என்ற வார்த்தை நம்மை ஏமாற்றுகிறது. கிரிக்கெட்டில் ஆவரேஜ் என்றால் ஒரு அவுட்டுக்கு எத்தனை ரன். பேஸ்பாலில் அது ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்குப் போவது) எண்ணிக்கையை அட்-பேட் (வாக் போன்றவை போக மீதி பேட் பிடித்த முறை) எண்ணிக்கையால் வகுப்பது, பிட்சர் தப்பாக எறிந்த நான்கு பந்தை அடிக்காமல் விட்டுவிட்டு வாக் என்று முதல் பேஸை வாங்கிப் போனதை அது கணக்கிலேயே சேர்க்காது. சும்மா நின்று வாங்கினாலும் முதல் பேஸ் முதல் பேஸ்தானே? 2004-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இச்சிரோ சுசுகி அந்த வருஷம் 262 ஹிட் அடித்தார், இன்றுவரை அதுதான் ஒரு சீசன் சாதனை, ஆவரேஜ் 0.372. அதே வருஷம் பேரி பாண்ட்ஸ் 0.362. ஆவரேஜ் மட்டும் பார்த்தால் இச்சிரோ ஒரு படி மேல். ஆனால் பாண்ட்ஸ் 232 வாக் வாங்கியதால் அவருடைய ஆன்-பேஸ் விகிதம், அதாவது வந்த முறைகளில் பேஸுக்குப் போன பங்கு, 0.609, இச்சிரோவுக்கு 0.414. அதாவது நூறு முறை வந்தால் இச்சிரோ 59 முறை அவுட், பாண்ட்ஸ் 39 முறைதான். போதாததற்கு, நம்ம சிக்ஸர் மாதிரி, 45 ஹோம் ரன் வேறு.

சரி, பாண்ட்ஸை எல்லாருக்குமே தெரியும், அட்டைகளைப் பிரித்துக்கொள்ளும் ஏலத்தில் விலை எகிறிவிடும். நிஜமான லாபம் அசிங்கமாகத் தெரியும் அட்டைகளில் இருக்கிறது. முதல் ஏலத்தில் 2012 ஆடம் டன் அட்டை வந்தது. ஆவரேஜ் 0.204 என்று பார்த்ததும் நான் சிரித்தேன். எங்களில் ஒருவனான பாலக்கோட்டுக்காரன் அடிமட்ட விலைக்கு எடுத்தான். "என்ன மாப்ள, இதையெல்லாம் காசு குடுத்து எடுக்கறயா?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. 41 ஹோம் ரன், 105 வாக், ஆன்-பேஸ் 0.333 என்பதை அவன் பார்த்திருக்கிறான், நான் பார்க்கவில்லை. நம்ம ஊரில் பெங்களூரா மாங்காயை யாரும் விருந்தாளிக்கு வெட்டி வைக்க மாட்டார்கள், அதற்குச் செந்தூரா வேண்டும். ஆனால் கூழ் ஃபேக்டரி லாரி தேடி வருவது பெங்களூராவைத்தான். டன் அந்த ரகம்.

ஆளை எடுத்தாயிற்று, அப்புறம் வரிசை. வேகமாக ஓடுகிறவனை முதலில் போடுவது, நல்ல ஆளை நான்காவதாக ஒளித்துவைப்பது என்பது பழைய பழக்கம். முதல் ஆள் ஓடத் தெரிந்தவனாக இருப்பதைவிட பேஸுக்குப் போகத் தெரிந்தவனாக இருக்க வேண்டும், முதல் பேஸைத் திருட (பந்து எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) முடியாது இல்லையா. உங்கள் அணியின் மூன்று நல்ல ஆட்களை 1, 2, 4 என்ற இடங்களில் வையுங்கள். இரண்டாவது இடம் பண்ட் (பந்தை மெல்லத் தட்டிவிட்டு, தான் அவுட் ஆனாலும் பேஸில் நிற்பவனை முன்னே தள்ளுவது) போடத் தெரிந்த பாவப்பட்ட ஆளுக்கு என்று நினைக்காதீர்கள். வரிசையில் ஓரிடம் கீழே போனால் 162 ஆட்ட சீசனில் சுமார் 18 வாய்ப்பு குறையும். 162-ஐ 9-ஆல் வகுத்தாலே வந்துவிடும். எங்கள் லீக் 28 ஆட்டம்தான், எங்களுக்கு மூன்று வாய்ப்பு. உண்மையைச் சொன்னால் வரிசையைப் பற்றி நாங்கள் போடும் சண்டைக்கு அது அவ்வளவு பெறாது. சரியான ஒன்பது பேர் இருந்தால் வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஓடிவிடும்.

ஓடாதது பண்ட். இதைச் சொல்லும்போது இன்னமும் வயிறு எரிகிறது.

இரண்டாவது சீசன், கடைசி ஞாயிறு. ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 என்று பின்தங்கி இருக்கிறேன், முதல் பேஸில் ஆள், ஒரு அவுட்டும் இல்லை. கேரம் போர்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல்தான் பகடை உருட்டுவோம், ஒரு பகடை விளிம்பில் உருண்டு போய் சார்ஜர் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் விழுந்தது, அதை எடுக்கக் குனிந்த நேரத்தில் எனக்கு ஒரு ஞானம் வந்தது: பண்ட் போடு, ஆளை இரண்டாவது பேஸுக்குத் தள்ளு, ஒரு சிங்கிள் போதும். போட்டேன். பண்ட் நன்றாகவே விழுந்தது, ஆள் இரண்டாவது பேஸுக்குப் போனான். அடுத்தவன் பாப் அப், மேலே தூக்கிக் கேட்ச். அதற்கடுத்தவன் ஸ்ட்ரைக் அவுட், மூன்று பந்தைக் கோட்டைவிட்டான். பிரியாணி.

அண்ணன் அப்புறம் நோட்டில் எழுதிக் காட்டினார். முதல் பேஸில் ஆள், அவுட் இல்லை என்றால் அந்த இன்னிங்ஸில் சராசரியாக இன்னும் 0.85 ரன் சுமாருக்கு வரும். இரண்டாவது பேஸில் ஆள், ஒரு அவுட் என்றால் 0.65 சுமார். பண்ட் வெற்றிகரமாக விழுந்தாலே இந்த நஷ்டம், தப்பாக விழுந்தால் கேட்கவே வேண்டாம். "தம்பி, கையில இருந்த மூணு அவுட்ல ஒண்ண அவனுக்கு மொய் எழுதிட்ட" என்றார். பிட்சரே பேட் பிடிக்கும் பழைய விதியில் ஆடினால் அந்த ஒன்பதாவது ஆளுக்கு மட்டும் பண்ட் நியாயம். அமெரிக்காவின் பெரிய பேஸ்பாலில் இரண்டு லீக், அதில் அமெரிக்கன் லீக் 1973-லேயே டெசிக்னேட்டட் ஹிட்டரை (பிட்சருக்குப் பதில் பேட் மட்டும் பிடிப்பவர்) கொண்டுவந்துவிட்டது, நேஷனல் லீக்கில் 2022-ல்தான் நிரந்தரமானது, எனவே உங்கள் லீக் எந்த விதியில் ஓடுகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருடுவதும் அதே கணக்குதான். பத்துக்கு ஏழு தடவைக்கு மேல் பிழைக்காவிட்டால் திருட்டு நஷ்டம். ரிக்கி ஹெண்டர்சன் 1982-ல் 130 பேஸ் திருடினார், நவீன காலத்தில் யாரும் தொடாத எண். ஆனால் 42 தடவை மாட்டிக்கொண்டார் என்பதை யாரும் சொல்வதில்லை. அவருக்கே 76 சதவீதம்தான், கொஞ்சம்தான் லாபம். அவர் அட்டை தங்கம்தான், ஆனால் தங்கமாக இருப்பது அவர் வாங்கும் வாக்கினால். ஹெண்டர்சன் அளவுக்கு ஓடத் தெரியாத ஆளை நீங்கள் ஓடவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு பெரிய பள்ளம், வெவ்வேறு காலத்து எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. 1930-ல் நேஷனல் லீக் முழுவதும் சேர்ந்து அடித்த ஆவரேஜ் 0.303. 1968-ல் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் ஆவரேஜ் 0.301. ஒரு காலத்தில் சராசரி ஆள் எடுத்ததை இன்னொரு காலத்தில் சாம்பியன்கூட எடுக்க முடியவில்லை. 1968-ல் பாப் கிப்சன் 1.12 என்ற ஈஆர்ஏ (பிட்சர் தன் பொறுப்பில் ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன் சராசரி, குறைந்தால் நல்லது) போட்டார், அடுத்த வருஷமே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக இறக்கிவிட்டார்கள். எனவே 1930 அட்டையில் 0.320 பார்த்துப் பாய்வதும், 1968 அட்டையில் 0.280 பார்த்து முகம் சுளிப்பதும் ஒரே தப்புதான். சில விளையாட்டுகள் காலத்துக்கேற்ப எண்களைச் சமன் செய்துகொள்ளும், சிலவற்றில் அட்டையில் இருப்பது அப்படியே ஓடும். ஆடுவதற்கு முன் விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள், எங்களில் யாரும் படிக்கவில்லை.

குறைந்த ஆட்டமே ஆடியவர்களை நம்புவது அடுத்தது. 1957-ல் மில்வாக்கி பிரேவ்ஸுக்கு பாப் ஹேசில் என்றொருவர் நடுவில் வந்து 41 ஆட்டத்தில் 0.403 அடித்தார். அட்டையைப் பார்த்தால் கடவுள். பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி உச்ச விலைக்குப் போன ஒரு வாரத்தைப் பார்த்துவிட்டு இருக்கிற நிலம் எல்லாம் தக்காளி நட்டவர்களை எனக்குத் தெரியும், ஹேசில் அட்டையும் அப்படித்தான். பல லீக்குகளில் அவர் நிஜத்தில் ஆடிய அளவுக்கு மேல் உங்களை ஆடவிட மாட்டார்கள், 41 ஆட்டத்துக்கு அப்புறம் ஆள் பெஞ்சில். ஏலத்தில் செலவழிக்கக் கிடைக்கும் மொத்தத்தில் பாதியை அங்கே கொட்டியிருந்தால் போச்சு.

தடுப்பு ஆட்டத்தை நாங்கள் முதல் சீசன் முழுக்க மறந்தே போனோம். ஸ்ட்ராட்டில் 1 முதல் 5 வரை தடுப்பாட்ட எண் உண்டு, 1 நல்லது. பிட்சர் அட்டையில் சில கட்டங்களில் விடை இருக்காது, தடுப்பவன் எண்ணைப் பார் என்று எழுதியிருக்கும், அதில் அதிகம் வருவது ஷார்ட்ஸ்டாப்பும் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவர்) செகண்ட் பேஸும். அங்கே 4-ஐ நிறுத்திவிட்டு, ஒரு வேலையும் இல்லாத லெஃப்ட் ஃபீல்டில் 1-ஐ வைத்திருந்தேன். இருவரும் நன்றாக அடிப்பார்கள் என்பது என் சமாதானம். கேட்சர், ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ், சென்டர் ஃபீல்ட், நடுவில் இருக்கும் இந்த நாலு பேரில் கஞ்சத்தனம் வேண்டாம். அடிக்க மட்டும் தெரிந்தவன் ஃபர்ஸ்ட் பேஸிலோ டெசிக்னேட்டட் ஹிட்டராகவோ ஒதுங்கட்டும்.

பிட்சரை வெற்றி எண்ணிக்கை பார்த்து எடுக்காதீர்கள். 2018-ல் ஜேக்கப் டிகிராம் ஈஆர்ஏ 1.70, வெற்றி 10, தோல்வி 9, ஆனாலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான். அவர் அணி அவருக்கு ரன் அடித்துக் கொடுக்கவில்லை, அது அவர் குற்றமா? நீங்கள் பார்க்க வேண்டியது அவர் எத்தனை வாக் விடுகிறார், எத்தனை ஸ்ட்ரைக் அவுட், எத்தனை ஹோம் ரன் கொடுக்கிறார் என்ற மூன்றும்தான். அப்புறம், நாலு பெரிய ஸ்டார்ட்டர்களுக்கே (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள்) பணத்தைத் தீர்த்துவிட்டு மிச்சத்துக்கு ரிலீவர் (நடுவில் வரும் மாற்றுப் பிட்சர்) எடுக்காதீர்கள். ஏழாவது இன்னிங்ஸில் ஸ்டார்ட்டர் களைத்துப்போனால் நல்ல ஆளின் அட்டையும் கெட்ட அட்டையாகிவிடும்.

இடக்கை வலக்கை விஷயம் தனியாக எழுதவேண்டிய அளவு இருக்கிறது, ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: இடக்கை பேட்டர் வலக்கை பிட்சரைப் பொதுவாக நன்றாக அடிப்பார், பெரும்பாலான பிட்சர்கள் வலக்கை, எனவே ஒன்பது வலக்கைக்காரர்களை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். அட்வான்ஸ்டு அட்டைகளில் இரண்டுக்கும் தனித்தனி எண்களே இருக்கும்.

சொந்த மைதானம் எது என்று தெரியாமல் ஆள் எடுப்பதும் தப்புதான். டென்வரில் இருக்கும் கூர்ஸ் ஃபீல்ட் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம்ம ஏற்காட்டை விடக் கொஞ்சம் அதிகம். அங்கே காற்று லேசு, பந்து பறக்கும். அங்கே ஆடியவரின் ஹோம் ரன்னை அப்படியே நம்பினால் கடலோரத்து மைதானத்தில் அவை எல்லாம் கேட்ச் ஆகும். பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் லெஃப்ட் ஃபீல்டில் 37 அடி உயரச் சுவர், ஆனால் 310 அடி தூரத்திலேயே நிற்கிறது. வலக்கைக்காரர் தூக்கியடித்தால் சுவரில் மோதி டபுள், அதாவது இரண்டாவது பேஸ் வரை. உங்கள் மைதானம் அதுவென்றால் அந்த மாதிரி ஆட்களைத் தேடுங்கள்.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய்விட்டு வந்த அடுத்த ஞாயிறு எங்கள் புது ஏலம். நான் கண் வைத்திருக்கும் அசிங்கமான ஆவரேஜ்காரர் ஒருவர் இருக்கிறார், வாக் மட்டும் நூறுக்கு மேல். பெயரைச் சொல்ல மாட்டேன், பாலக்கோட்டுக்காரன் இதைக் கட்டாயம் படிப்பான்.