டோட்டல் கமாண்டர்ல தேதி ஃபோல்டர், இப்போ ஒரே கீ

டோட்டல் கமாண்டர்னா விண்டோஸ்ல ஃபைல்களை இடது, வலதுன்னு ரெண்டு பகுதியா (பேன்) காட்டற ஃபைல் மேனேஜர். அதுல தினமும் வர்ற ஃபைல்களை அன்னிக்குத் தேதி போட்ட ஃபோல்டருக்கு மாத்தணும், புது ஃபோல்டர் உருவாக்க எஃப்7 அழுத்தி, தேதி டைப் பண்ணி, எண்டர் தட்டி, அப்புறம் அதை எதிர் பேன்ல திறக்கணும்னு திரும்பத் திரும்ப அதே வேலை, கை வலிச்சுப் போச்சு. அதான் ஆட்டோஹாட்கீல (ஒரு கீ அழுத்துனா பல கீகளைத் தானா அனுப்பற புரோகிராம்) ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். விண்டோஸ் கீ+என் அழுத்துனா எஃப்7 போகும், தேதி விழும், எண்டர், கர்சர் புது ஃபோல்டர் மேல நிக்கும், உடனே கண்ட்ரோல்+வலது அம்புக்குறி அனுப்புனா வலது பக்க பேன்ல அது திறந்துடும். இடது பேன்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

முதல்ல சில நேரம் தேதி பாதிதான் விழுந்துச்சு. டயலாக் திறக்குறதுக்குள்ள எழுத்து போயிடுது, அதான் காரணம். ஸ்லீப் (குறிப்பிட்ட நேரம் சும்மா காத்திருக்கற கட்டளை) போட்டு சரி பண்றது எனக்குப் பிடிக்கல, மெஷின் மெதுவானா மறுபடி சொதப்பும். டயலாக் வர்ற வரைக்கும் காத்திருக்கற வின்வெயிட்ஆக்டிவ் போட்டதும் சரியாயிடுச்சு. இன்னொண்ணு, ஹாட்கீ டோட்டல் கமாண்டர் விண்டோ முன்னாடி இருக்கும்போது மட்டும் வேலை செய்யணும், அதுக்கு விண்டோ கிளாஸ் (விண்டோ எந்த வகைன்னு விண்டோஸ் அடையாளம் காணுற பேர்) பேரை வச்சு கண்டிஷன் போடுங்க, இல்லன்னா பிரவுசர்லயும் பாயும்.

ரெண்டு பேனையும் இடம் மாத்த ஸ்கிரிப்டே வேணாம், கண்ட்ரோல்+யூ ஏற்கெனவே இருக்கு.