ஊர்ப் பணத்துக்கு ஊரறியக் கணக்கு: பெருந்தொற்றுக் கால நிதி திரட்டலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, இராமநாதபுரம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்க இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கரையில் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மார்ச் மாதப் பாட்டில், அதாவது கடலுக்குப் போய் மீன் பிடித்துவருவதில், கிடைப்பதைக் கொண்டுதான் அந்த நாள்களைக் கடப்பார்கள். அந்த ஆண்டு அந்தக் கடைசிப் பாடே இல்லாமல் போயிற்று. தடைக்கு உட்படாத நாட்டுப்படகுக்காரர்களும் ஐஸ் இல்லாமல், லாரி இல்லாமல், மீனை எடுக்க ஆள் இல்லாமல் முடங்கினார்கள். இராமேசுவரம் கோயில் மூடப்பட்டதால் சங்குக்கடைக்காரர் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை யாத்திரிகர்களை நம்பியிருந்த அனைவரும் வருமானம் இழந்தார்கள். அப்போது ஒவ்வோர் ஊரிலும் ஜமாஅத்தும் தேவாலயப் பங்கு மக்களும் கிராமக் கமிட்டியும் இளைஞர் மன்றமும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் திரட்டி, முதியோர் இல்லங்களுக்கும் உணவு வழங்கும் அறக்கட்டளைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொடுத்தார்கள். அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆண்டு நடந்த அதே தவறுகள் 2021இன் இரண்டாம் அலையிலும் நடந்ததைக் கண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

பெறுபவரைக் கேட்காமல் திரட்டத் தொடங்குவது எல்லாத் தவறுகளுக்கும் தாய். 2021 மே மாதத்தில் ஆக்சிஜன் செறிவூட்டி வாங்குவதற்காகப் பல ஊர்களில் வசூல் நடந்தது. அப்படி வாங்கப்பட்ட ஒரு கருவியைச் சில மாதங்கள் கழித்து ஒரு மண்டபத்தின் மாடிப்படிக்கு அடியில் பார்த்தேன். அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாகூடப் பிரிக்கப்படவில்லை, மேலே உப்புக்காற்றின் பிசுபிசுப்போடு தூசி படிந்திருந்தது. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கருவி மூச்சுத்திணறல் முற்றிய நோயாளிக்குப் போதாது. லேசான பாதிப்பில் இருப்பவருக்கும், பெரிய மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும்வரை காத்திருப்பவருக்கும்தான் அது உதவும். அதற்குத் தடையற்ற மின்சாரமும், வடிகட்டியை முறையாகச் சுத்தம் செய்ய ஓர் ஆளும் வேண்டும். அருகிலிருந்த ஆரம்பச் சுகாதார நிலையத்து மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கையுறையோ பல்ஸ் ஆக்சிமீட்டரோ ஆம்புலன்சுக்கு டீசலோ போதும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆகவே, எந்த நிறுவனத்துக்காகத் திரட்டுகிறீர்களோ அதன் பொறுப்பாளரிடம் தேவைப் பட்டியலை எழுத்தில் வாங்கிய பிறகே முதல் ரூபாயைக் கேளுங்கள்.

அடுத்தது பணம் சேரும் இடம். ஓர் இளைஞரின் ஜிபே எண்ணை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இதில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. அந்த இளைஞர் உத்தமராகவே இருக்கட்டும். அவருடைய சம்பளமும் வீட்டுச் செலவும் ஊர்ப் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், பின்னால் யாராவது கேட்கும்போது அவரால் பிரித்துக் காட்ட முடியாது. கேட்டவர்மேல் கோபமும், கேட்கப்பட்டவருக்கு மனக்காயமும், ஊரில் இரண்டு கட்சியும்தான் மிச்சமாகும். பதிவுபெற்ற அறக்கட்டளைக்கென்றால் அதன் வங்கிக் கணக்குக்கே நேராகப் பணம் போகச் செய்வதுதான் சரியான வழி. அது இயலாதபோது, இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய தனிக் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்தில் மொய் எழுதுகிற நேர்த்தியை வேறெங்கும் பார்ப்பது அரிது: பெயர், ஊர், தொகை என்று ஒரு வரிகூடத் தவறாது. அதே நேர்த்தியோடு வரவை ஒரு பக்கமும் செலவை எதிர்ப்பக்கமும் எழுதி, வாரம் ஒருமுறை அந்தப் பக்கங்களைப் படமெடுத்துக் குழுவில் இட்டால் போதும். ஆனால் மொய்யில் இருப்பதைப் போல, யார் எவ்வளவு போட்டார் என்பதை ஒலிபெருக்கியில் வாசிக்காதீர்கள். மொய் திரும்பி வரும், நன்கொடை வராது. கடன் வாங்கி உலை வைக்கும் வீட்டை அந்த வாசிப்பு இன்னொரு கடனுக்குத் தள்ளும்.

பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை வரவாக எழுதக் கூடாது. வங்கிக் கணக்கில் ஏறியதையே எழுத வேண்டும். பிரதமரின் நிவாரண நிதியான பிஎம் கேர்ஸ் 2020 மார்ச் இறுதியில் தொடங்கப்பட்ட சில நாள்களிலேயே, ஓர் எழுத்து மட்டும் மாறிய போலி யூபிஐ முகவரிகள் புறப்பட்டுவிட்டன. பணம் பெறுவதற்கு யூபிஐயின் ரகசிய எண்ணான பின் (PIN) எண் தேவையே இல்லை. "நன்கொடை அனுப்புகிறேன், பின் எண்ணைப் போடுங்கள்" என்று எவர் சொன்னாலும் அது மோசடிதான்.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவு இல்லாத தெரு கிடையாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் மலேசியக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ பெற்றுவிட்ட நம்மூர்க்காரர், நம் மச்சானாகவே இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர்தான். அவர் தரும் நன்கொடையை 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே வாங்கலாம். 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். பெற்ற அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. உண்டியலில் (வங்கி வழியே அல்லாத ஹவாலா முறையில்) அனுப்பினால் சீக்கிரம் வரும் என்பதற்காக அந்த வழியை நாடுவது அனுப்புபவரையும் பெறுபவரையும் ஒருசேரக் குற்றத்தில் சிக்கவைக்கும். அங்கே இருப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு: ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டுவது தண்டனைக்குரியது. தங்கும் அறையில் நண்பர்களிடம் வசூலித்து அனுப்பச் சொல்லி ஒரு கூலித் தொழிலாளியை நாம் வற்புறுத்தினால், அவருடைய வேலைக்கே அது உலை வைக்கலாம்.

இதோடு சேர்ந்ததுதான், முஸ்லிம்கள் மார்க்கக் கடமையாகக் கொடுக்கும் ஜகாத் பணத்தைப் பொது நிதியோடு கலந்துவிடும் தவறு. ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆனே வகுத்திருக்கிறது. கொடுப்பவர் ஜகாத் என்று சொல்லிக் கொடுத்ததைத் தனியே வைத்து, எதற்குச் செலவிடலாம் என்று மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடம் கேட்டுத்தான் தொட வேண்டும்.

உறுதியாகத் தெரியாமல், வரிச்சலுகை கிடைக்கும் என்று வாக்குறுதி கொடுக்கவும் கூடாது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 80ஜி அனுமதி பெற்ற அமைப்பின் ரசீதுக்கே சலுகை இருந்தது. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

பயனாளிப் பட்டியலில் நேரும் தவறு கண்ணுக்குத் தெரியாதது. ஜமாஅத் தன் பட்டியலை வைத்துக் கொடுக்கிறது, பங்கு தன் பட்டியலை வைத்துக் கொடுக்கிறது, மீனவர் சங்கம் தன் உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறது. ஒரே வீட்டுக்கு மூன்று அரிசி மூட்டை வருவதும் நடக்கும், எந்தப் பட்டியலிலும் இல்லாத வீடு பட்டினி கிடப்பதும் நடக்கும். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், வாலிநோக்கம் பக்கத்து உப்பளத் தொழிலாளர்கள், சாயல்குடிப் பக்கம் பனை ஏறுபவர்கள், குடும்ப அட்டை இல்லாத வடமாநிலத் தொழிலாளர்கள் ஆகியோர் பெரும்பாலும் இப்படித்தான் விடுபடுகிறார்கள். 2020 ஏப்ரலில் அரசு வழங்கிய 1,000 ரூபாயும் 2021இல் இரு தவணைகளாக வழங்கிய 4,000 ரூபாயும் அரிசி அட்டைக்கே வந்தன என்பதால், அட்டையில்லாத வீட்டைத் தேடிப் போவதே ஊர் நிதியின் முதல் வேலையாக இருக்க வேண்டும். எல்லா அமைப்பினரும் ஒரு மாலை உட்கார்ந்து பட்டியல்களை ஒப்பிட்டால் இது தீரும்.

கொடுக்கும்போது கூட்டம் சேர்ப்பது, திரட்டியதன் நோக்கத்தையே கெடுத்துவிடும். தன்னார்வலர்கள் நேரடியாக வழங்கக் கூடாது என்று 2020 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்ததற்கும், பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்ததற்கும் கூட்டத்தில் நோய் பரவும் என்ற அச்சமே காரணம். வீட்டு வாசலில் வைத்துவிட்டு நகர்வதே நல்லது. அப்போது படம் எடுக்காதீர்கள். ஐந்து கிலோ அரிசிப் பையின் ஒரு முனையை ஆறு பேர் பிடித்திருக்க, மறுமுனையில் முந்தானையால் முகத்தை மறைக்க முயலும் ஒரு தாயின் படத்தை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவிலும் அந்தப் படம் சுற்றியது. கணக்குக்குச் சான்று வேண்டுமென்றால் கடை ரசீதையும் அரிசி மூட்டைகளையும் படமெடுத்தால் போதும்.

கடைசியாக, மிச்சப் பணம். வசூல் தொடங்கும் நாளிலேயே, எந்தத் தேதியோடு முடியும், மீதம் இருந்தால் எந்த இல்லத்துக்குப் போகும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள். அப்படி எழுதாத ஓர் ஊரில், நோய் தணிந்த பிறகு எஞ்சிய தொகையைத் திருவிழாப் பந்தலுக்குச் செலவிடலாமா என்று பேச்சு எழுந்தது. நிதிக்குப் பணம் போட்டிருந்த ஒரு மூதாட்டி கூட்டத்தில் எழுந்து, "நான் கஞ்சிக்குக் கொடுத்தேன், பந்தலுக்கில்லை" என்றார். அந்தத் தொகை மறுநாளே முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தது.