தோப்பிலிருந்து வரும் டேட்டா: திருத்துவதா, திரும்ப அனுப்புவதா?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மண் ஈரம் பார்க்கும் சென்சார்களை லோரா என்ற, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் ரேடியோவில் இணைத்திருந்தோம். டேட்டா அடிக்கடி விட்டுப்போனது. காற்றில் பிட்டுகள் கெடுகின்றன என்று நானே முடிவு கட்டி, கோடிங் ரேட்டை 4/5-லிருந்து 4/8-க்கு மாற்றினேன். அதாவது ஒவ்வொரு 4 பிட்டுக்கும், பிழையைப் பிடிக்கவும் திருத்தவும் துணைக்கு ஒன்றுக்குப் பதில் 4 பிட்.

நிலைமை மோசமானதுதான் மிச்சம். எல்லா சென்சாரின் டேட்டாவையும் வாங்கும் கேட்வே பெட்டியின் லாக்கைப் புரட்டியபோது, கெட்டுப்போய் வந்த டேட்டா பாக்கெட் ஒன்றிரண்டுதான். மற்றவை வந்து சேரவே இல்லை. எல்லா சென்சாரும் கால் மணிக்கு ஒருமுறை, ஒரே நொடியில் வாய் திறந்து ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன. 4/8 போட்டதும் பேலோடு (அனுப்பும் டேட்டா) காற்றில் இருக்கும் நேரம் சுமார் 60 சதவீதம் கூடிவிட்டது, மோதலும் கூடியது. பழைய 4/5-க்கே திரும்பி, ஒவ்வொரு சென்சாருக்கும் சில நொடி முன்னே பின்னே வைத்ததும் சரியானது.

ஆக, பாக்கெட் கெடுகிறதா, காணாமல் போகிறதா என்று பார்க்காமல் எதையும் கூட்டக் கூடாது. முழுசாகத் தொலைந்த பாக்கெட்டுக்குள் இருக்கும் திருத்தப் பிட்டும் கூடவே தொலைகிறது.

திருத்தம் இருக்கிறதே என்று, பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சிஆர்சி சோதனையைக் கழற்றிவிடுவது இன்னொரு தவறு. 1950-ல் வெளியான, கணித அறிஞர் ரிச்சர்ட் ஹேமிங்கின் 7,4 குறியீடு (4 பிட் டேட்டா, 3 பிட் துணை) ஒரு பிட் தவறினால் சரிசெய்யும். இரண்டு தவறினால் சும்மா இருக்காது, 'திருத்தி' வேறொரு எண்ணைக் கொடுத்துவிடும். ஈரம் 31 என்பது 95 ஆக வந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது. லோராவின் 4/5, 4/6 இரண்டும் பிழையைக் கண்டுபிடிப்பதோடு சரி, திருத்துவதில்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

வாயேஜர்-1 விண்கலத்துக்கு 'திரும்பச் சொல்' என்று கேட்டால் அந்தக் கேள்வி போய்ச் சேரவே 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே திருத்தம்தான் வழி. கோயம்புத்தூர் மில்லில் ஆர்எஸ்-485 ஒயரில் ஓடும், இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் முறை அப்படியல்ல. சிஆர்சி தப்பினால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது, கேள்வி கேட்ட மாஸ்டர் கருவி மறுபடி கேட்கும், அவ்வளவுதான். ஈர அளவுக்கோ இரண்டுமே வேண்டாம். ஒன்று போனால் கால் மணியில் அடுத்தது வரப்போகிறது.

தோப்பின் தண்ணீர் மோட்டாருக்குப் போகும் கட்டளையையும் அப்படி விடலாமா? விட முடியாது, பதில் வரும்வரை திரும்ப அனுப்பத்தான் வேண்டும். அங்கேயும் ஒரு பள்ளத்தில் விழுந்தேன். கட்டளையை 'நிலையை மாற்று' என்று எழுதியிருந்தேன். கட்டளை போய்ச் சேர்ந்தது, மோட்டார் ஓடியது, பதில் மட்டும் வழியில் தொலைந்தது. இரண்டாம் முறை போன அதே கட்டளை மோட்டாரை நிறுத்திவிட்டது. "தானா ஓடுது, தானா நிக்குதுங்க, ஸ்டார்ட்டரை மாத்திடலாங்களா?" என்று தோப்பு அண்ணன் போனில் கேட்டார். ஸ்டார்ட்டர் நன்றாகத்தான் இருந்தது. இப்போது 'ஓடு', 'நில்' என்று தனித்தனியாக, வரிசை எண்ணோடு போகிறது.