தனியாளாக ஆவணப்படம்: பேட்டியைப் பதிவதும் வெட்டுவதும்

கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை ஒலிக்கு மாற்றுங்கள். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். ஒரு காலர் மைக், ஒரு சிறிய ரெக்கார்டர், காதை முழுதாக மூடும் ஹெட்போன் இருந்தால் தொடங்கிவிடலாம். கேமராவிலேயே உள்ள மைக், பின்னால் ரெக்கார்டரின் ஒலியைப் படத்தோடு ஒத்திசைக்க மட்டுமே உதவும்.

காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் பொருத்துங்கள். கஞ்சி போட்ட பருத்தியும் பட்டும் உரசினால் சரசரக்கும். மருத்துவ டேப்பால் மைக்கைத் துணியோடு ஒட்டி, ஒயரில் ஒரு சுற்று விட்டு அதையும் ஒட்டினால் இழுபடும் சத்தம் மைக்கை எட்டாது. தாலிச் சங்கிலி மைக்கில் தட்டுகிறதா என்று பேசவைத்தே சோதியுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது தெரியாது.

ரெக்கார்டரில் பதிவின் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். சாதாரணப் பேச்சின் உச்சம் ரெக்கார்டரின் ஒலிமானியில் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். சிரிப்பும் அழுகையும் எழும்ப இடம் வேண்டும். 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும் ரெக்கார்டர் இருந்தால் ஒலி அளவு தவறினாலும் மீட்கலாம். ஆனால் தூரத்தில் வைத்த மைக்கின் எதிரொலியை அதுவும் மீட்காது.

நம் வீடுகளில் பெரிய எதிரி ஃபேன். அணைத்தால் பேசுபவருக்கு வேர்க்கும். ஆகவே பத்துப் பதினைந்து நிமிடம் பதிந்து, ஃபேனைப் போட்டு இளைப்பாறவிட்டு, மறுபடி தொடங்குங்கள். ஃபிரிட்ஜையும் அணைக்க வேண்டும். வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால் கிளம்பும்போது மீண்டும் போட மறக்க மாட்டீர்கள். பேட்டி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் இருக்க, அந்த அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதியுங்கள். வெட்டுகளுக்கு நடுவே ஒலி திடீரென்று செத்துப்போகாமல் இருக்க அதுதான் நிரப்பும்.

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம்) 1/50 நொடி என்று வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டைகள் ஓடாது. 1/60 வைத்தால் ஓடும். வெயிலில் ஷட்டர் வேகத்தை ஏற்றாமல், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கருங்கண்ணாடியான என்.டி. ஃபில்டரால் வெளிச்சத்தைக் குறையுங்கள். செல்போனில் எடுத்தால் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. நீண்ட பேட்டியில் உதடும் குரலும் மெல்ல விலகும். எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்கும் முறையிலேயே பாதி எடிட் இருக்கிறது. "எந்த ஊர்?" என்றால் ஒற்றைச் சொல் பதில்தான் கிடைக்கும். "உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் பேசும்போது "ம்ம்", "சரிங்க" என்று நீங்கள் குரல் கொடுத்தால் அது பதிலோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. தலையை மட்டும் ஆட்டுங்கள். தமிழ்ப் பேச்சு "போயி, பார்த்து, சொல்லி" என்று நீண்டு கடைசியில்தான் வினைமுற்றில் வந்து நிற்கும். அதற்கு முன்னால் வெட்டினால் குரல் அந்தரத்தில் தொங்கும். அவர் முடித்த பிறகும் மூன்று நொடி பொறுத்து அடுத்த கேள்விக்குப் போங்கள்.

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 45 ஜிபி. 40 மணி நேரம் என்றால் 1.8 டிபி, இரண்டு பிரதிக்கு அதில் இரு மடங்கு. கார்டில் உள்ள வீடியோவை மட்டும் பொறுக்காமல் ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் உள்ள குளோன் டூல் என்ற நகலெடுக்கும் கருவி, நகலெடுக்கும்போதே சரிபார்க்கும். இரு டிஸ்க்கிலும் ஃபைல்களைத் திறந்து பார்க்காமல் கார்டை அழிக்காதீர்கள்.

வெட்டுவதற்கு முன் பேட்டியை டைம்கோடோடு (ஒவ்வொரு பேச்சும் பதிவில் எந்த நேரத்தில் வருகிறது என்ற குறிப்போடு) எழுத்தாக்குங்கள், வட்டார வழக்கைத் திருத்தாமல். தாளில் வரிசைப்படுத்திவிட்டு, முதலில் குரலை மட்டும் கோத்துக் கண்ணை மூடிக் கேளுங்கள். கதை அதிலேயே நகர்ந்தால்தான் கை, அடுப்பு, தெரு போன்ற துணைக்காட்சிகளை மேலே போடலாம். அவற்றை எடுக்கும்போது ஒவ்வொன்றையும் பத்து நொடியாவது ஆடாமல் பிடித்திருக்க வேண்டும். நான்கு நொடித் துண்டுகள் வெட்டுகளை மூடப் பல இடங்களில் போதாது. மடிக்கணினி திணறினால் ப்ராக்ஸி, அதாவது வீடியோவின் எடை குறைந்த பிரதி, உருவாக்கி வேலை செய்யுங்கள்.

தமிழ் சப்டைட்டில் போடுவதானால் முதல் நாளே "கொ", "கௌ" எழுதிப் பாருங்கள். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். முடித்த படத்தைச் செல்போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை ஓடவிடுங்கள். இசை பேச்சை அமுக்கினால் இசையைத்தான் குறைக்க வேண்டும்.