கடனை எண்ணித் தள்ளுங்கள்: பழைய பகையை மன்னிக்க ஒரு வழிமுறை

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் விளவங்கோடு தாலுகா, அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை தாலுகா. இரண்டிலும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள் வருஷக்கணக்காகப் பேச்சு நின்றுபோன கதையைக் கிண்டினால் அடியில் பெரும்பாலும் அதிர்க்கல் (எல்லைக்கல்), வழி, பங்கு, தங்கச்சிக்குப் போட்ட நகை என்று ஏதாவது ஒன்று கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு ஓரமாக நின்று "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று சேர்ந்தே சொல்வார்கள். கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்) ராத்திரியில் அழுதுவிட்டு "எல்லாத்தையும் மன்னிச்சாச்சு" என்பவர்களும் உண்டு. மறுநாள் அண்ணனுடைய பைக் வாசலைக் கடந்தால் திரும்பவும் வயிறு எரியும். எதை மன்னித்தோம் என்று தெரியாமல் மொத்தமாக மன்னித்தது ஒரு வாரம்கூடத் தாங்காது.

ஆகவே முதலில் நோட்டும் பேனாவும். ஒரு மணி நேரம் தனியாக உட்காருங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் கையைவிட்டுப் போன பொருள்: "வடக்கே மூணு சென்ட் வழி, எட்டு தென்னை" என்று அளவோடு எழுத வேண்டும். இரண்டாவதில், சொன்ன சொல்லும் செய்த அவமானமும்: யார் முன்னால், என்ன வார்த்தை. மூன்றாவதில் நீங்களாக நினைத்துக்கொண்டது: "பெண்டாட்டி சொல்லிக்கொடுத்துத்தான் செய்தான்", "அப்பா சாகும் முன்னாலேயே திட்டம் போட்டான்". எழுதி முடித்தபின் மூன்றாவது பத்தியை அடித்துவிடுங்கள். நடந்ததா என்றே தெரியாததை மன்னிக்க முடியாது. ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது அநேகமாக அந்தப் பத்திதான்.

அடுத்து மத்தேயு 18-ஆம் அதிகாரம், 21 முதல் 35 வரை. இதைப் பிரசங்கமாகக் கேட்டுப் பழகிவிட்டோம். கணக்காகப் படித்துப் பாருங்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. அங்குள்ள உவமையில் ராஜா தன் வேலைக்காரனுக்குத் தள்ளுபடி செய்த பதினாயிரம் தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. அதே வேலைக்காரன் வெளியே போய், தனக்குக் கடன்பட்ட உடன்வேலைக்காரன் கழுத்தைப் பிடித்துக் கேட்டது 100 நாள் கூலி. இரண்டாவது தொகையைச் சில்லறை என்று சொல்லித் தாண்டிவிடாதீர்கள். நூறு நாள் கூலியை இழந்தால் எந்த வீடும் ஆட்டம் காணும். உங்கள் நஷ்டம் நஷ்டமே என்று இந்த உவமை ஒப்புக்கொள்கிறது. பெரிய கடன் தள்ளப்பட்டவன் சின்னக் கடனுக்காக ஒருவனைச் சிறையில் போடலாமா என்பதுதான் அதன் கேள்வி.

இப்போது ஜெபம். முதலில் கோபத்தைச் சொல்லித் தீருங்கள். சங்கீதம் 55 அதற்கென்றே இருக்கிறது: அவமானப்படுத்தினவன் சத்துருவல்ல, கூடப் பழகின சிநேகிதன் என்று தாவீது புலம்புகிறார். வாய்விட்டு வாசியுங்கள். பிறகு நோட்டில் உள்ளதை ஒவ்வொரு வரியாகப் படித்து, "ஆண்டவரே, இந்தக் கடனை இனி அவரிடம் கேட்கமாட்டேன்" என்று சொல்லி அந்த வரியை அடியுங்கள். வாயில் வராத வரியை அப்படியே விட்டுவிடுங்கள். பொய்யாக அடிப்பதால் பலன் இல்லை. அடுத்த வாரம் அதற்குத் திரும்பி வரலாம். கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்தில் அந்த வரியைச் சொல்லலாம். மற்ற சபையார் போதகரிடம் தனியாகப் பேசலாம்; பிரசங்கத்தில் உதாரணமாகச் சொல்லிவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அன்றிலிருந்து முப்பது நாள், தினமும் இரண்டு நிமிஷம் அந்த ஆளுக்காக ஜெபியுங்கள் (லூக்கா 6:28). முப்பது என்பது வேத எண் ஒன்றுமில்லை, பழக்கமாக ஊறுவதற்கான அவகாசம். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். "அவனுக்கு நல்ல புத்தி கொடும்" என்பது ஜெபமாகாது, ஆண்டவர் காதில் கோள் சொல்வது. அவருடைய முட்டுவலி, மகளுடைய பரீட்சை, ரப்பர் விலை என்று அவரே தனக்காகக் கேட்கக்கூடியதைக் கேளுங்கள்.

"உன்னை மன்னிச்சுட்டேன்" என்று வீடு தேடிப் போய்ச் சொல்லாதீர்கள். தான் செய்தது தப்பென்றே நினைக்காதவருக்கு அது புதுக் குற்றச்சாட்டு. உங்கள் பக்கத்துத் தப்புக்காகப் போகலாம். மத்தேயு 5:23, 24 சொல்வதும் அதைத்தான். அதையும் ஒற்றை வாக்கியத்தில் முடியுங்கள்: "அண்ணே, அம்மைக்க அடக்கத்துல ஆளுக முன்னால ஒங்கள அப்படிச் சொன்னது எனக்க தப்பு." அதற்குப் பின் "ஆனா" வந்தால் போன காரியம் கெட்டது. பதிலுக்கு அவரும் மன்னிப்புக் கேட்பார் என்று காத்து நிற்கவும் வேண்டாம்.

மன்னித்தால் வழக்கை வாபஸ் வாங்க வேண்டுமா? கட்டாயமில்லை. எர்ணாகுளம் மாவட்டம் புல்லுவழியைச் சேர்ந்த அருட்சகோதரி ராணி மரியா, 1995 பிப்ரவரி 25-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தில் பஸ் பயணத்தில் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய தங்கை செல்மி பால் 2002-ல் சிறைக்கே போய், கொன்றவர் கையில், சகோதரனாக ஏற்கும் ராக்கியைக் கட்டினார். ஆனாலும் கொன்றவர் வெளியே வந்தது 2006-ல்தான். மன்னிப்பு ஒரு பக்கம் நடந்தது, சட்டம் தன் வழியில் நடந்தது.

சொத்துச் சண்டையானால் இரண்டு பேருக்கும் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) நல்ல வாசல். அங்கே கட்டணம் இல்லை. நிலுவை வழக்கு தீர்ந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும். அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் கையெழுத்துப் போடுமுன் நிதானமாக யோசியுங்கள். நிலம் எங்கே கிடக்கிறதோ அங்கேதான் வழக்கு: நீங்கள் களியக்காவிளையில் குடியிருந்தாலும் கேரளப் பக்கத்துப் பாறசாலை நிலத்துக்கு நெய்யாற்றின்கரைக்குத்தான் போக வேண்டும். அங்கே தமிழ்நாட்டுப் பட்டா உதவாது. அந்த நிலத்துக்குக் கேரள வில்லேஜ் ஆபீஸில் கரம் (நிலவரி) கட்டிய ரசீது வேண்டும்.

நம்பிக்கை வைப்பது வேறு காரியம். வேதத்தில், தன்னை விற்றுப்போட்ட சகோதரரை யோசேப்பு உடனே கட்டிப்பிடிக்கவில்லை. தம்பி பென்யமீனை அழைத்துவரச் சொல்லி, தன் வெள்ளிப் பாத்திரத்தை அவன் மூட்டையில் வைத்து, அவர்கள் மாறினார்களா என்று சோதித்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினார். மன்னித்த தம்பிக்கு மறுபடி கைமாற்று கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அடிக்கிற புருஷனை மன்னித்த மனைவி அந்த வீட்டுக்குத் திரும்பவும் வேண்டியதில்லை. சபை மூப்பர் சமாதானம் பேச வந்தாலும் சரி. பெண்களுக்கான உதவி எண் 181.

கசப்பு திரும்ப வரும். அப்பா இறந்த நாளிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கட்டாயம் வரும். வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். நோட்டை எடுத்து எந்த வரி கிளம்பியிருக்கிறது என்று பாருங்கள், அந்த ஒரு வரிக்கு மட்டும் திரும்ப ஜெபியுங்கள். பட்டியலில் இல்லாத புது வரியாக இருந்தால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டு வீட்டில் யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கட்டும். எல்லா வரியும் அடிபட்டபின் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம்.